அவர் ‘ஆமாம்’ சொல்லும் வரை

முதல் லோடு முடிய நான்கு நிமிடம் இருந்தபோது மூட்டைக்காரர் ‘கஞ்சி’யின் முகத்தில் ஒரு படுக்கை விரிப்பை எறிந்தார்.

துவைக்காத விரிப்பு. காய்ச்சல் வார்டிலிருந்து வந்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் நடுவில் ஒரு சுவர் இருந்தது. இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். இயந்திரங்களைச் சுவரிலேயே பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அழுக்குப் பக்கத்தில் போட்ட துணி சுத்தப் பக்கத்தில் வெளியே வரும். ஆட்கள் அப்படிப் போய்வரக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. திறந்து சொல்லிவிட்டு மூட வேண்டும்.

கஞ்சி சுத்தப் பக்கத்து மேற்பார்வையாளர். சட்டையைக் கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்துத்தான் உடுத்துவார். அவர் உட்கார்ந்தால் சட்டை முறியும் சத்தம் கேட்கும் என்பார்கள். அந்தப் பட்டப்பெயர் அவருக்கே பிடித்திருந்தது. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

“அண்ணே, ஒரு சின்ன வேண்டுகோள்,” என்றார் ஜன்னல் வழியாக. “கால்வாய்க்காரங்க துணிய மட்டும் தனி லோடா போட்டுடுங்களேன். மத்தவங்க துணியோட கலக்க வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க.”

“எதுக்கு?” என்றார் அழுக்குப் பக்கத்தில் வார்டு மூட்டைகளை அவிழ்க்கும் மூட்டைக்காரர்.

“நீங்க பாக்காததா? மனுஷங்க எல்லாரும் ஒண்ணுதான், நான் இல்லங்கல. துணி ஒண்ணு இல்லையே.”

மூட்டைக்காரர் கையிலிருந்ததை எறிந்தார்.

பெரியவள் மூட்டைக்காரர் அருகில் நின்று தலையணை உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். குறி தப்பவில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. எறிந்தது தான் இல்லை என்பது பிறகு தோன்றியது.

கஞ்சி விரிப்பை முகத்திலிருந்து எடுத்தார். கத்தவில்லை. கன்னத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. “பரவால்லண்ணே,” என்றார். ஜன்னலை மூடினார். அதன் பிறகு சலவைக்கூடம் முழுக்க அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. எவ்வளவு பொறுமை, எவ்வளவு பெருந்தன்மை. அவர் கேட்டது என்ன என்பதை மத்தியானத்துக்குள் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

*

கால்வாயோரத்தில் பழைய குடியிருப்புக் கட்டடங்கள் இருந்தன. ஏதோ ஆலைக்காகக் கட்டியவை. ஆலை போய்விட்டது, கட்டடங்கள் நின்றுவிட்டன. போக்கிடம் இல்லாதவர்கள் வந்து குடியேறினார்கள். இப்போது நகரசபை அவற்றை இடிப்பதா வேண்டாமா என்று ஓட்டுக்கு விடப்போகிறது. இடித்தால் அங்கிருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பால், வீடு கொடுப்பார்களாம்.

ஊர் இரண்டானது. இடிக்கச் சொன்னவர்களுக்கு ‘இடிப்பு’ என்று பெயர். இருக்கட்டும் என்றவர்கள் ‘இருப்பு’. சலவைக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் ஆளுக்கொரு மேசை பிடித்துக்கொண்டார்கள்.

“உப்பு எங்க?”

“இருப்பு மேசைல இருப்பு இருக்கு. போய் மண்டியிட்டு வாங்கிக்க.”

பெரியவள் ஜன்னலோரம் நின்றே சாப்பிட்டாள். யாராவது கேட்டால், “எனக்கு அரசியல் தெரியாதுங்க,” என்பாள். அழுக்குப் பக்கத்தில் அவளுக்குப் பல வருட வேலை. துணிக்குள்ளிருந்து ஊசி, கத்தரி, பல் செட்டு, ஒருமுறை ஒரு கால்விரல் நகம் முழுசாக, எல்லாம் எடுத்திருக்கிறாள். கையைக் கழுவிவிட்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்பாள். குமட்டியதில்லை.

அவள் தங்கை சின்னவள் அந்தக் கால்வாயோரக் கட்டடத்தில்தான் குடியிருந்தாள். தரைத்தளம். சலவைக்கூடத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. பெரியவள் சொல்லவில்லை. மறைத்தாள் என்றும் சொல்ல முடியாது. “உங்க தங்கச்சி எங்க இருக்காங்க?” என்றால், “பக்கத்துலதான்,” என்பாள்.

சின்னவளின் புருஷன் மொத்த மார்க்கெட்டில் சுமை இறக்குகிறவன். லாரிகள் விடியுமுன் வரும். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால் மார்க்கெட். ஊருக்கு வெளியே குடிபோனால் அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. வேலை போகும். சின்னவளைப் பொறுத்தவரை இதில் வேறு எதுவும் இல்லை.

கட்டடம் மோசம்தான். அதை அவள் அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மழை பெய்தால் சாக்கடை சமையலறைக்குள் ஏறும். மகளை மேசைமேல் உட்கார வைத்துவிட்டு, தரையில் இரண்டு செங்கல் போட்டு அதன்மேல் நின்று சமைப்பாள். ஸ்விட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும். செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு தட்டுவாள். இதையெல்லாம் நடித்துக் காட்டிச் சொன்னாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் சின்னவள் சொன்னாள்: “வெளிய மூச்சு விட்டுடாதக்கா. ஒருத்தர் வாயத் திறந்தாலும் கட்டடம் லாயக்கில்லன்னு எழுதிடுவாங்க. எல்லாரும் சேர்ந்து பேசி வெச்சிருக்கோம். தண்ணி கழுத்து வரைக்கும் வந்தாலும் கால் நனையலன்னுதான் சொல்லணும்.”

“நான் யாருகிட்டடி சொல்லப்போறேன்?” என்றாள் பெரியவள்.

*

விரிப்பு எறிந்த அந்த வாரமே மேனேஜர் ஒரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். மாற்றுக் கருத்து உள்ளவர்களோடு மரியாதையாகப் பேசுவது எப்படி. ஷிஃப்ட் முடிந்ததும் எல்லாரும் மாடிக்கு வர வேண்டும். வராதவர்களுக்குச் சம்பளம் பிடிப்பு. மரியாதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்றார் மூட்டைக்காரர்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு தட்டில் க்ரீம் பிஸ்கட். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். யார் எது சொன்னாலும் “அருமை” என்றாள். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டதற்கும் அருமை என்றாள்.

சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். குரலை உயர்த்தாதீர்கள். குறுக்கே பேசாதீர்கள். எதிர்த் தரப்பு சொல்வதை, அவர் ‘ஆமாம்’ என்று சொல்லும் வரை, உங்கள் வாயால் சொல்லுங்கள்.

“மூணாவதுதான் முக்கியம்,” என்றாள். “எதிர்ல இருக்கறவர் மனசுக்குள்ள போய் உக்காந்து பாருங்க. அவர் நினைக்கறதை அவரை விட நல்லா சொல்லுங்க. அவரே, ஆமா இதைத்தான் நான் நினைச்சேன்னு சொல்லணும். அப்புறம் சண்டையே வராது.”

முதலில் மூட்டைக்காரரை எழுப்பினார்கள்.

“அந்தாளு சொன்னத நான் சொல்லணுமா?”

“ஆமா சார். உங்க வாயால.”

“இந்த வாயாலதான்மா சாப்பிடறேன்.”

சிலர் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. “இது விளையாட்டு இல்ல,” என்றார்.

“விளையாட்டுன்னா சொல்லிட்டுப் போயிடுவேன் சார்.” மூட்டைக்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். மேனேஜர் பின்னாலேயே போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்து, “அவர் நாளையிலேருந்து வரமாட்டார்,” என்றார்.

“ரொம்ப வருத்தமா இருக்கு,” என்றார் கஞ்சி. உண்மையாகவே வருத்தமாக இருந்தார்.

பயிற்சிக்காரி வட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். இருப்புப் பக்கம் யார் யார் என்று கேட்டாள். ஒருவன் மூட்டைக்காரர் போன வழியைப் பார்த்தான், கையைத் தூக்கவில்லை. இன்னொருத்தி செருப்பு வாரைச் சரிசெய்தாள். பெரியவள் கையை முழங்கை உயரத்துக்குத் தூக்கினாள்.

“அருமை. வாங்க.”

அவளையும் கஞ்சியையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். முழங்கால்கள் ஏறக்குறைய இடித்தன. முதலில் கஞ்சியின் முறை.

“அக்கா என்ன நினைக்கறாங்கன்னா,” என்றார், “அவங்க பாவம், ஏழைங்க, எங்க போவாங்கன்னு. சரியாக்கா?”

அவர் முகத்தில் ஒரு புன்னகை. குழந்தைக்குச் சட்டை மாட்டிவிடுகிறவரின் புன்னகை. அது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எது என்று கேட்பார்கள்.

“ஆமா,” என்றாள். “சரிதான்.”

“அருமை. இப்ப நீங்க.”

“அவருக்கு அவங்கள ஊருக்குள்ள பிடிக்கல,” என்றாள் பெரியவள்.

கஞ்சி மெதுவாகத் தலையை ஆட்டினார். “அப்படி இல்லீங்கக்கா. நான் அவங்கள வேணாம்னு எப்பவுமே சொன்னதில்ல.”

“கட்டடம் பழசு, இடிக்கணும்.”

“பாதி வந்திருக்கு.”

வட்டத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். “அஞ்சு மணி பஸ்ஸு போயிடும்க்கா, சீக்கிரம் ஆமா வாங்குங்க,” என்றான் இஸ்திரி ரோலர் ஓட்டுகிறவன்.

பயிற்சிக்காரி குனிந்து பெரியவளின் தோளைத் தொட்டாள். “மேல மேல சொல்றீங்க. உள்ள போங்க. அவர் எதைப் பாத்துப் பதறுறாரு? கண்ணுக்கு முன்னாடி நிக்கற மாதிரி சொல்லுங்க.”

பெரியவளை யாரும் இதுவரை பேசச் சொன்னதில்லை. பள்ளியில் சொன்னதில்லை. அவள் கல்யாணப் பேச்சிலும் மற்றவர்கள்தான் பேசினார்கள். எல்லார் கண்ணும் அவள் வாய்மேல் இருந்தது.

“நான் அவங்களுக்கு எதிரி இல்ல,” என்று ஆரம்பித்தாள். “மழை பேஞ்சா அந்தக் கட்டடத்துல சாக்கடை அடுப்படிக்குள்ள ஏறுது. ஒரு பொம்பளை ரெண்டு செங்கல் போட்டு அதுமேல நின்னு சமைக்கறா. புள்ளைய மேசைமேல தூக்கி வெச்சிருக்கா. அதுக்குக் கால்ல சிரங்கு. லைட் போடணும்னா செருப்பக் கையில மாட்டிக்கிட்டுத்தான் தட்டணும். இல்லன்னா தூக்கி அடிக்கும். இதுக்குப் பேரு வீடு. இதைக் காப்பாத்துங்கன்னு கொடி பிடிக்கறாங்களே, அவங்கள்ல ஒருத்தராவது அங்க ஒரு ராத்திரி படுத்திருப்பாங்களா? ரோட்டுக்கு அந்தப் பக்கமா நின்னு, ஐயோ பாவம்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய்க் கதவ சாத்திக்குவாங்க. அவங்க நல்லவங்க. இடிச்சுட்டு நல்ல எடமா குடுங்கன்னு சொன்னா மட்டும் கெட்டவங்களாம்.”



“ஆமா,” என்றார் கஞ்சி. கண் கலங்கியிருந்தது. “ஆமாக்கா. அதேதான்.”

கைதட்டினார்கள். பயிற்சிக்காரி கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மேனேஜர் முகத்துக்கு முன்னால் பிடித்திருந்த போனைக் கீழே இறக்கினார். பெரியவளின் காதுமடல் சூடானது. நன்றாக இருந்தது. தட்டு அவள் பக்கம் வந்தது. ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

விழுங்க முடியவில்லை. வாயில் க்ரீம் பிசுபிசுவென்று பரவி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினாள். கழிப்பறைக்குப் போய்த் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள். இனிப்பு போகவில்லை.

*

மேனேஜர் அந்த வீடியோவைத் தொழிலாளர் குழுவில் போட்டிருந்தார். பார்த்துப் பாராட்டுங்கள் என்று எழுதியிருந்தார். அவள் பேச ஆரம்பித்த இடத்திலிருந்து கஞ்சி ‘ஆமா’ சொல்வதற்கு முன்பு வரை. அந்த ‘ஆமா’வை வெட்டிவிட்டுக் கைதட்டை ஒட்டியிருந்தார். பயிற்சி என்பதற்கு அதில் எந்த அடையாளமும் இல்லை.

கஞ்சி அதைத் தன் பக்கத்து ஆட்களுக்கு அனுப்பினார். அவர்கள் வேறு ஆட்களுக்கு அனுப்பினார்கள். வாரக் கடைசியில் பெரியவள் பால் வாங்கப் போனபோது கடைக்காரர் அவளை உற்றுப் பார்த்தார்.

“நீங்கதானே செங்கல் அம்மா?”

“எந்த செங்கல்?”

அவர் போனைக் காட்டினார். அவள் முகத்துக்குக் கீழே எழுத்து ஓடியது: கால்வாய்க் கட்டடத்தை உள்ளிருந்து அறிந்த ஒரு தாயின் குமுறல்.

“எங்க வீட்ல எல்லாரும் இருப்புதான்,” என்றார் கடைக்காரர். “உங்க பேச்சக் கேட்டு என் சம்சாரம் இடிப்புப் பக்கம் வந்துட்டா. ராத்திரி பூரா அழுதா. பாலுக்குக் காசு வேணாங்க.”

காசைக் கல்லாமேல் வைத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை அவள் வாய்க்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சுவர் ஜன்னலைத் திறந்தாள். கஞ்சியைக் கூப்பிட்டாள். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பின்னால் ரோலரிலிருந்து வெள்ளை விரிப்புகள் சூடாக வந்துகொண்டிருந்தன. இருவர் நுனி பிடித்து மடித்தார்கள்.

“அந்த வீடியோவ எடுத்துடுங்க,” என்றாள்.

“ஏன்க்கா? எல்லாரும் உங்களைப் புகழறாங்க.”

“அது நான் நினைக்கறது இல்ல. நீங்க நினைக்கறது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியுங்க. நான் ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல.” போனை எடுத்தார். “இருந்தாலும் நீங்க கேட்டுட்டீங்க. இப்பவே ஒரு குறிப்பு போட்டுடறேன். பாருங்க.” சத்தமாகப் படித்துக்கொண்டே தட்டினார். “இது, ஒரு, பயிற்சியில், பேசியது. போதுமா? மரியாதையா கேட்டீங்க, உடனே செஞ்சுட்டேன்.”

“அதை யாரு படிப்பா?”

“அது நம்ம கையில இல்லையேக்கா.”

அவர் போகவில்லை. ஜன்னல் சட்டத்தில் கையூன்றி நின்றார். அவரிடமிருந்து சூடான துணி வாசனை வந்தது. பெரியவள் ஓரடி பின்வாங்கினாள். அவள் பின்னால் இரண்டு வார்டுகளின் மூட்டைகள் அவிழ்த்துக் கிடந்தன. அந்த நாற்றம் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

“ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சுக்கக் கூடாது,” என்றார். “மனசுல துளிகூட இல்லாம அப்படி வராதுக்கா. நான் நாலு வருஷமா பேசறேன், எனக்கே வரல. அந்தச் செங்கல் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?”

அவள் அவருடைய சட்டைக் காலரைப் பார்த்தாள். கத்தி மாதிரி நின்றது.

“சும்மா வாயில வந்துச்சு,” என்றாள்.

“பாத்தீங்களா? சும்மா வராது.” பரிவோடு தலையசைத்தார். “வார்டு துணி அதிகமா இருந்தா சொல்லுங்க. நம்ம பசங்கள அனுப்பறேன்.”

“நன்றிங்க,” என்றாள் பெரியவள். அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் அவளுக்குக் கேட்டது.

மேனேஜரிடமும் போனாள். அவர் நாற்காலியைக் காட்டினார். வீடியோவை இனி எடுத்துப் பயனில்லை என்றார். அடுத்த ஊர்க் கிளையில் இதே பயிற்சி நடக்கப்போகிறது, அவளை முன்மாதிரியாகக் கூப்பிடுகிறார்கள் என்றார்.

“என் தங்கச்சி அந்தக் கட்டடத்துல இருக்கா சார்.”

மேனேஜர் பேனாவை மூடினார். “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார். கொஞ்சம் யோசித்தார். “இன்னும் நல்லதா போச்சு. சொந்தத் தங்கச்சி அங்க இருந்தும், எதிர்த் தரப்பைப் புரிஞ்சுக்கிட்டிருக்கீங்க. இதைத்தானே நாங்க எதிர்பாக்கறோம்?”

வெளியே வந்தாள். வாசலில் மூட்டைக்காரர் நின்றிருந்தார். பாக்கிச் சம்பளம் வாங்க வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் தாண்டிப் போகும்போதுதான் பேசினார்.

“நான் வெறும் துணியத்தான்ம்மா எறிஞ்சேன்.”

*

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனாள். மழை விட்டிருந்தது. கட்டடத்து வாசலில் தண்ணீர் தேங்கி, அதில் முட்டை ஓடும் சோப்பு நுரையும் மிதந்தன. படியில் உட்கார்ந்திருந்த மாடிக்காரி வழக்கமாக, “வாங்க, தங்கச்சியப் பாக்க வந்தீங்களா?” என்பாள். இன்று அவளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல் சாத்தினாள்.

சின்னவள் கதவைத் திறந்தாள். உதட்டின்மேல் விரலை வைத்தாள். புருஷன் திரைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். விடியுமுன் எழ வேண்டியவன்.

“பெரியம்மா,” என்று மேசைமேலிருந்து மகள் கிசுகிசுத்தாள். கால்களைத் தொங்கவிட்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக மருந்து தடவியிருந்தது. “நீ போன்ல வர்றியே! எங்க டீச்சர் பாத்தாங்களாம். கிளாஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டினாங்க.”

“நீ என்னடி சொன்ன?”

“எங்க பெரியம்மாதான்னு சொன்னேன்.”

சின்னவள் மகளைத் தூக்கித் திரைக்குப் பின்னால் அப்பா பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு வந்தாள். பெரியவளுக்கு உட்கார ஸ்டூலைக் காட்டினாள். தான் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தரை ஈரமாகப் பளபளத்தது. விளிம்பில் ஏதோ கறுப்பாகப் படிந்திருந்தது. சாக்கடை வாடை இருந்தது, பெரியவளுக்குப் பழகிய வாடைதான்.

“சாப்பிட்டியா?” என்றாள் சின்னவள். குரல் தணிந்திருந்தது.

“சாப்பிட்டேன்.”

“ரொட்டி இருக்கு.”

“வேணாம்டி. நான் சொல்றதக் கேளு. அது ஒரு பயிற்சி. எதிர்ல இருக்கறவன் நினைக்கறத நாம சொல்லணும். அவன் ஆமான்னு சொல்ற வரைக்கும் விடமாட்டாங்க. எல்லாருக்கும் பஸ்ஸு போயிடும்னு...”

“மெதுவா. முழிச்சுக்குவாரு.”

பெரியவள் குரலைக் குறைத்தாள். “பஸ்ஸு போயிடும்னு அவசரப்படுத்தினாங்க. என் வாயில அதுதான் வந்துச்சு.”

“நல்லாத்தான் வந்துச்சு. நான் ஆறு தடவ பாத்தேன்.” சின்னவள் நெற்றியைத் தேய்த்தாள். “எனக்கே ஒரு எடத்துல அழுகை வந்துடுச்சு. ஐயோ பாவம், யாரு பெத்த பொண்ணோன்னு.”

“அடியே...”

“சிரிக்கலாம்ல? அன்னிக்குச் சிரிச்சோமே.”

இருவரும் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் குறட்டை நின்றது, திரும்பவும் தொடங்கியது.

“மாடிக்காரி கதவ சாத்தினா,” என்றாள் பெரியவள்.

“தரைத்தளத்துல எத்தனை வீட்ல மேசை இருக்கு? எத்தனை வீட்ல புள்ளைக்குக் கால்ல சிரங்கு? ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. யாரும் சண்டை போடல. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். குழாயடில நான் போனா எல்லாரும் குடத்தத் தள்ளி வெச்சு எனக்கு வழி விடறாங்க. அவ்வளவு மரியாதை.”

“நான் வந்து சொல்றேன். எல்லாரையும் கூப்பிடு. என் அக்கா வேணும்னு பண்ணலன்னு சொல்லு. நான் அவங்க கால்ல வேணா விழறேன்.”

“விழுந்தா?”

பெரியவள் நாக்கால் மேலண்ணத்தைத் துழாவினாள். க்ரீம் இன்னும் ஒட்டியிருக்கிற மாதிரி இருந்தது. அது எப்போதோ போயிருக்க வேண்டும். “நகரசபைல போய் அது என் பேச்சே இல்லன்னு எழுதிக் குடுத்துடறேன்,” என்றாள்.

“செங்கல் இல்லன்னு எழுதுவியா?”

“அது இருக்குடி.”

“இருக்குல்ல.”

சின்னவள் குனிந்து தரைத்துணியை எடுத்தாள். வாசல்படியோரம் ஊறிவந்த தண்ணீரைத் துடைத்தாள். வாளியில் பிழிந்தாள். கறுப்பாக வடிந்தது. கையைச் சுவரில் தேய்த்தாள். பெரியவள் எழுந்து துணியை வாங்கக் கையை நீட்டினாள். சின்னவள் கொடுக்கவில்லை.

“காலையில ஒரு ஆள் வந்தாரு,” என்றாள். “நகரசபைலேருந்து. ரொம்ப நல்ல மனுஷன். செருப்ப வெளிய கழட்டிட்டு வந்தாரு, நான் வேணாம்னேன், தண்ணியா இருக்குன்னு சொல்ல முடியாம நின்னேன். சாக்ஸ் நனைஞ்சுது. அவரு ஒண்ணும் சொல்லல. நாளைக்கு எஞ்சினியர் வர்றாராம். மொத்தக் கட்டடத்தையும் பாக்க மாட்டாங்களாம், நேரா நம்ம வீட்டுக்குத்தான். வீடியோல வந்த வீடு உண்மையா இல்லையான்னு என்னைக் கேப்பாங்களாம். நான் சொல்றத வெச்சுத்தான் எழுதுவாங்களாம்.”

“நீ ஒண்ணும் சொல்லாத.”

“சொல்லலன்னா உண்மைன்னு எழுதிடுவாங்க. உண்மைன்னு எழுதினா ஓட்டுக்கு முன்னாடியே காலி பண்ணச் சொல்லுவாங்க. மேல இருக்கறவங்களையும் சேர்த்து. பொய்யின்னு சொன்னேன்னு வை, கட்டடம் நல்லா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்ட மாதிரி. அப்புறம் எந்தக் காலத்துலயும் இந்தச் சாக்கடைய ஒருத்தரும் சரிபண்ண மாட்டாங்க. இவ கால் இப்படியேதான் இருக்கும்.”

திரை அசைந்தது. மகளின் கால் ஒன்று வெளியே நீண்டது. மருந்து காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. சின்னவள் போய் அந்தக் காலை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு வந்தாள்.

பெரியவள் நின்றுகொண்டே இருந்தாள். செருப்பின் ஓரத்தில் ஈரம் ஏறியது. நகரவில்லை.

சின்னவள் அவள் எதிரே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள், வகுப்பில் டீச்சரைப் பார்க்கிற மாதிரி.

“உனக்குத்தான் நல்லாப் பேச வருதே. நாளைக்கு அவங்க வந்து கேட்டா, நான் என்னக்கா சொல்லட்டும்?”